ரத்தத்தால் குற்றத்தைக் கழுவிய பட்டாளம்!

யுத்த காலத்தில் கைதிகளைப் போர்முனைக்கு அனுப்பினார்கள், வெற்றி கிடைத்ததா?

கோர்ட்டில் குற்றவாளி நிற்கிறான். குற்றம் ருசுவாகிவிட்டது. சாதாரண காலமாக இருந்தால் அவனுக்கு ஜெயில் உண்டு. கொடிய குற்றமாக இருந்தால் தூக்குத் தண்டனை உண்டு.

யுத்த காலத்தில் மூன்றாவது தண்டனை ஒன்றும் உண்டு.

“போர்முனைக்குப் போ! எல்லோருக்கும் முன்னால் போ! உயிரோடு திரும்பினால் உனக்கு விடுதலை!” என்பதுதான் அந்தத் தண்டனை.

இப்படி அனுப்பப்பட்டவர்களைத் திரட்டிப் பல நாடுகள் தனிப் படைகளை அமைத்தன. அவற்றுக்குத் ‘தண்டனைப் பட்டாளம்’ என்று பெயர்.

அதில் இருந்தவர்கள் யார்? போர்முனையில் இருந்து ஓடியவர்கள் இருந்தார்கள். மேல் அதிகாரியின் உத்தரவை மீறியவர்கள் இருந்தார்கள். திருடர்கள் இருந்தார்கள். குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர்கள் இருந்தார்கள். வாய் தவறி ஒரு வார்த்தை பேசியதற்காகத் தண்டனை பெற்றவர்களும் இருந்தார்கள்.

ஓடியவனைத் திரும்பவும் சண்டைக்கு அனுப்பினால் அவன் நிற்பானா? திருடன் கையில் துப்பாக்கியைக் கொடுக்கலாமா? இப்படிப்பட்ட படையால் ஒரு நாட்டுக்குப் பயன் உண்டா?

சரித்திரத்தில் இதற்குப் பதில் இருக்கிறது.

காப்பிக்குப் பெயர் கொடுத்த கோட்டை

பிரான்சு நாடு 1830ல் வட ஆப்பிரிக்காவில் உள்ள அல்ஜீரியாவைப் பிடிக்கத் தொடங்கியது. அந்த நாட்டு மக்கள் எதிர்த்துப் போராடினார்கள். சண்டை ஆண்டுக்கணக்கில் நீடித்தது.

பிரெஞ்சு அரசாங்கத்துக்கு ஆள் தேவைப்பட்டது. ஜெயிலில் தண்டனையை முடித்துவிட்டு, ராணுவத்தில் இன்னும் வேலை செய்ய வேண்டியவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களை மற்ற சிப்பாய்களோடு சேர்க்க அதிகாரிகள் விரும்பவில்லை. எனவே, 1832ல் அவர்களுக்கென்றே தனிப் பட்டாளங்கள் அமைத்து, ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அந்தச் சிப்பாய்களுக்கு ‘குஷிப் பேர்வழிகள்’ என்று கேலிப்பெயர்!

1840ம் ஆண்டு பிப்ரவரி மாதம். மசக்ரான் என்ற சிறு கோட்டையில் அந்தப் பட்டாளத்தைச் சேர்ந்த 123 பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர், கேப்டன் லெலியேவர். ஆயிரக்கணக்கான அராபிய வீரர்கள் கோட்டையை வளைத்துக்கொண்டார்கள். நான்கு நாட்கள் சண்டை நடந்தது. கோட்டை விழவில்லை. கடைசியில், வளைத்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

பிரான்சு நாடெங்கும் இதே பேச்சு. பாரிஸ் நகரில் ஒரு தெருவுக்கு ‘மசக்ரான்’ என்று பெயர் வைத்தார்கள். உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் குடிக்கும் ஒருவகைக் காப்பிக்கும் அந்தப் பெயரே வந்தது!

“முன்னாள் கைதியும் வீரனாகச் சண்டை போடுவான்” என்று ராணுவத் தலைவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, இரண்டு சர்வாதிகாரிகள் இந்த எண்ணத்தை மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவர் ஹிட்லர். மற்றவர் ஸ்டாலின்.

ஹிட்லரின் உத்தரவு

இரண்டாவது உலக யுத்தம் 1939ல் தொடங்கியது. ஜெர்மன் ராணுவக் கோர்ட்டுகள் சொந்தச் சிப்பாய்களுக்குக் கடுமையான தண்டனைகளை விதித்தன. ஜெயில்கள் நிரம்பின. ஜெயிலில் இருப்பவனுக்குச் சாப்பாடு போட வேண்டும். காவல் போட வேண்டும். ஆனால், போர்முனையில் ஓர் ஆள் குறைகிறான்.

1940 டிசம்பரில் ஹிட்லர் ஓர் உத்தரவு போட்டார். தண்டனை பெற்ற சிப்பாய்களில் தேறக்கூடியவர்களைப் பொறுக்கி எடுத்து, தனிப் பட்டாளம் அமைக்க வேண்டும் என்றார். 1941ல் முதல் பட்டாளம் தயாராகியது. அதன் எண், 500. பிறகு 540, 550, 560, 561 என்று மேலும் சில வந்தன.

இந்தச் சிப்பாய்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. நன்றாகச் சண்டை போட்டால் தண்டனை ரத்தாகும். பழைய படைக்குத் திரும்பலாம். அதனால், ரஷியப் போர்முனையில் மிக மோசமான இடங்களில்கூட அவர்கள் நின்று போரிட்டார்கள்.

டிட்டோவின் சட்டை

ஹிட்லரின் எஸ்.எஸ். படையிலும் இதே எண் கொண்ட ஒரு பாராசூட் பட்டாளம் இருந்தது. அதில் ஒரு பகுதியினர் தண்டனை பெற்றவர்கள்; மற்றவர்கள் தாங்களாகவே வந்து சேர்ந்தவர்கள்.

யுகோஸ்லாவியாவில் கொரில்லாப் படைத் தலைவர் டிட்டோ, ஜெர்மானியருக்குப் பெரிய தலைவலியாக இருந்தார். டிர்வார் என்ற ஊரின் அருகே ஒரு குகையில் அவர் தங்கியிருந்தார். அவரைப் பிடிக்க இந்தப் பட்டாளத்தை அனுப்பினார்கள். 1944 மே 25ந் தேதி அவர்கள் பாராசூட்டிலும், எஞ்சின் இல்லாத விமானத்திலும் வந்து இறங்கினார்கள்.

பயங்கரச் சண்டை நடந்தது. பட்டாளத்தின் பெரும்பகுதி அழிந்தது. டிட்டோ தப்பிவிட்டார். அவருடைய புதிய ராணுவ உடைதான் ஜெர்மானியர் கையில் சிக்கியது!

சாகத் துணிந்தவர்கள்தான். ஆனால், வேலை முடியவில்லை.

“ஓர் அடிகூடப் பின்வாங்காதே!”

இப்பொழுது ரஷியாவுக்கு வருவோம்.

1942ம் ஆண்டு ஜூலை மாதம். ஜெர்மன் டாங்கிகள் ரஷியாவின் தெற்குப் பகுதியில் புயல்போல முன்னேறின. ரோஸ்டாவ் நகரம் விழுந்தது. வால்கா நதியை நோக்கி ஒரு படையும், காக்கசஸ் மலைப்பகுதியின் எண்ணெய்க் கிணறுகளை நோக்கி இன்னொரு படையும் விரைந்தன. ரஷியச் சிப்பாய்கள் பின்வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

ஜூலை 28ந் தேதி ஸ்டாலின் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். அதன் எண், 227. “ஓர் அடிகூடப் பின்வாங்காதே!” என்பது அதன் சாரம். இனியும் பின்வாங்கினால் நாடே அழிந்துவிடும் என்று அதில் எச்சரித்திருந்தார்.

அந்த உத்தரவை எல்லாச் சிப்பாய்களுக்கும் படித்துக் காட்டினார்கள். ஆனால், பத்திரிகைகளில் வெளியிடவில்லை. 1988ல்தான் அது முதன்முதலாக அச்சில் வந்தது.

உத்தரவின்படி இரண்டு ஏற்பாடுகள் நடந்தன. ஒன்று, உறுதியில்லாத படைகளின் பின்னால் தடுப்புப் படை நிறுத்துவது. யாராவது பயந்து ஓடிவந்தால் தடுப்பதும், சுடுவதும் அதன் வேலை. மற்றொன்று, தண்டனைப் பட்டாளம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. “ஜெர்மானியர் தண்டனைப் படைகள் அமைத்துப் பலன் அடைந்திருக்கிறார்கள். எதிரியிடம் இருந்தும் பாடம் கற்க வேண்டும்” என்று அந்த உத்தரவிலேயே ஸ்டாலின் குறிப்பிட்டிருந்தார்!

அதிகாரிக்கு ஒன்று, சிப்பாய்க்கு ஒன்று

ரஷியாவில் தண்டனைப் படைகள் இரண்டு வகை.

முதல் வகை, அதிகாரிகளுக்கு உரியது. அதற்குப் ‘பட்டாலியன்’ என்று பெயர். ஒரு பட்டாலியனில் 800 பேர்வரை இருக்கலாம்.

இரண்டாவது வகை, சாதாரணச் சிப்பாய்களுக்கு உரியது. அதற்குக் ‘கம்பெனி’ என்று பெயர். அதில் 150 முதல் 200 பேர் இருப்பார்கள். கோர்ட்டில் தண்டனை பெற்ற கைதிகளையும் கம்பெனியில் சேர்த்தார்கள்.

1942 செப்டம்பரில் தளபதி ஜூக்கோவ் இதற்கான விதிகளுக்கு ஒப்புதல் அளித்தார். அந்த விதிகள் மிகவும் கண்டிப்பானவை.

கர்னலாக இருந்தாலும் சரி, மேஜராக இருந்தாலும் சரி, பட்டாலியனில் சேர்ந்த அன்றே அவர் சாதாரணச் சிப்பாய். தோளில் பட்டை கிடையாது. மார்பில் இருந்த பதக்கங்களைக் கழற்றி வாங்கிவிடுவார்கள். மாதச் சம்பளம் எட்டரை ரூபிள். நேற்றுவரை நூறு பேருக்கு உத்தரவு போட்டவர், இன்று துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்.

எத்தனை நாள் இப்படி? அதற்கும் கணக்கு இருந்தது. ஐந்து ஆண்டுக்குட்பட்ட ஜெயில் தண்டனைக்கு ஒரு மாதம். எட்டு ஆண்டுவரை இரண்டு மாதம். பத்து ஆண்டுத் தண்டனைக்கு மூன்று மாதம். மூன்று மாதத்துக்கு மேல் யாரும் இருக்கத் தேவையில்லை.

பத்து ஆண்டு ஜெயிலுக்குப் பதில் மூன்று மாதம் என்றால் லாபம்தானே என்று தோன்றும். ஆனால், அந்த மூன்று மாதத்தை உயிரோடு கடக்க வேண்டுமே!

கெடு முடியும் முன்பே விடுதலை பெற இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தனிப்பட்ட முறையில் வீரச்செயல் புரிவது. இன்னொன்று, குண்டடி படுவது. சண்டையில் காயம் பட்டால், “ரத்தத்தால் குற்றத்தைக் கழுவிவிட்டான்” என்று எழுதி விடுதலை செய்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் குணமானதும் பழைய பதவி திரும்பக் கிடைக்கும். பதக்கங்களும் திரும்பக் கிடைக்கும்.

இறந்துபோனால்? மற்ற அதிகாரிகளின் குடும்பத்துக்குக் கிடைக்கும் அதே பென்சன் அவருடைய குடும்பத்துக்கும் கிடைக்கும் என்று விதி சொன்னது. மனைவி மக்களைப் பற்றிய கவலையோடு இருந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

இந்தப் படைகளை நடத்தியவர்கள் கைதிகள் அல்ல. சண்டையில் பெயர் எடுத்த நல்ல அதிகாரிகளைத் தேடிப்பிடித்து நியமித்தார்கள். அங்கே ஒரு மாதம் வேலை பார்த்தால், பென்சன் கணக்கில் ஆறு மாதம்! அந்த வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

என்ன வேலை கொடுத்தார்கள்?

எந்த இடத்தில் சாவு அதிகமோ, அந்த இடம் இவர்களுக்கு.

எதிரியின் பதுங்கு குழிகளில் எங்கெங்கே இயந்திரத் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? இவர்களை முன்னால் அனுப்புவார்கள். எதிரி சுடுவான். சுடும் இடத்தைப் பின்னால் இருப்பவர்கள் குறித்துக்கொள்வார்கள். பிறகு பீரங்கி முழங்கும்.

எதிரியின் அரணில் முதல் ஓட்டை போட வேண்டுமா? இவர்கள். ஆற்றை முதலில் கடந்து அக்கரையில் கால் ஊன்ற வேண்டுமா? இவர்கள். மற்றப் படைகள் பின்னால் வந்து சேரும்.

தளபதிகளுக்கு இது வசதியாக இருந்தது. நல்ல படை ஒன்றை இழக்காமல் ஆபத்தான காரியத்தை முடித்துக்கொள்ளலாம் அல்லவா?

எழுத்தாளரான கைதி

இந்தப் படையில் இருந்து உயிரோடு வந்தவர்களில் ஒருவர், விளாடிமிர் கார்ப்போவ்.

இளம் வயதில் அவர் குத்துச்சண்டை வீரர். தாஷ்கண்ட் நகரில் ராணுவப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். 1941ல் ஆட்சியாளர்களைப் பற்றி ஏதோ பேசிவிட்டார் என்று கைது செய்தார்கள். ஐந்து ஆண்டுத் தண்டனை. காட்டில் மரம் வெட்டும் கைதிகள் முகாமுக்கு அனுப்பினார்கள்.

யுத்தம் வந்தது. “என்னைப் போர்முனைக்கு அனுப்புங்கள்” என்று முகாமில் இருந்தே அவர் மனு எழுதிப் போட்டார். 1942ல் தண்டனைக் கம்பெனியில் சேர்த்தார்கள்.

அவர் துணிச்சலாகப் போரிட்டார். 1943 பிப்ரவரியில் அவர் மேல் இருந்த குற்றம் நீக்கப்பட்டது. அதன் பிறகு வேவுப் படையில் சேர்ந்தார். இருட்டில் எதிரியின் அகழிக்குள் புகுந்து, ஜெர்மன் சிப்பாய்களை உயிரோடு பிடித்துவருவது அந்தப் படையின் வேலை. அதில் அவர் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார்.

1944ல் அவருக்கு ரஷியாவின் மிக உயர்ந்த விருதான ‘சோவியத் வீரர்’ பட்டம் கிடைத்தது. யுத்தத்துக்குப் பிறகு கதைகள் எழுதினார். 1986ல் சோவியத் எழுத்தாளர் சங்கத்தின் தலைமைப் பதவிக்கே வந்தார்!

இப்படிப்பட்ட ஒருவரை மரம் வெட்ட அனுப்பியது யார் குற்றம்? அவரை வீரராக்கியது தண்டனைப் பட்டாளம் அல்ல. முதலில் இருந்தே அவர் வீரர்தான். தண்டனைப் பட்டாளம் அவருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. அவ்வளவுதான்.

கைதியாக இருந்த தளபதி

தளபதி கோர்பதோவின் கதை இன்னும் வியப்பானது.

1938ல் ஸ்டாலின் ஆட்சியில் பொய்க் குற்றம் சாட்டி அவரைக் கைது செய்தார்கள். அடித்தார்கள், வதைத்தார்கள். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் போடவில்லை. 15 ஆண்டுத் தண்டனை விதித்து, கொலிமா என்ற பனிப்பிரதேசத்தில் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பட்டினியாலும் நோயாலும் வாடினார். 1941 மார்ச்சில் விடுதலை ஆனார். மூன்று மாதத்தில் யுத்தம் வந்தது. மீண்டும் படைக்குத் தலைமை தாங்கினார்.

1944 பிப்ரவரியில் அவர் மூன்றாவது ராணுவத்தின் தளபதி. பைலோருஷியாவில் ரோகச்சேவ் என்ற ஊரைப் பிடிக்க வேண்டும். நடுவில் நீப்பர் நதி. அது உறைந்து பனிக்கட்டியாகக் கிடந்தது.

அவரிடம் எட்டாவது தண்டனைப் பட்டாலியன் இருந்தது. அவர்களை நேருக்கு நேர் மோதவிட்டுச் சாகடிக்க அவர் நினைக்கவில்லை. வேறு யோசனை செய்தார். இரவில் சத்தம் இல்லாமல் எதிரியின் வரிசையைத் தாண்டி, பின்பக்கம் போய்விட வேண்டும். அங்கே பாதைகளை மறித்து, எதிரியைக் குழப்ப வேண்டும்.

பட்டாலியன் அப்படியே போயிற்று. எதிரியின் முதுகுப்பக்கத்தில் பல நாட்கள் இருந்து தாக்கியது. ஜெர்மானியர் திகைத்துப் போனார்கள். பிப்ரவரி 24ந் தேதி ரோகச்சேவ் விழுந்தது.

அந்தப் பட்டாலியனில் அலெக்சாண்டர் பில்ட்சின் என்ற இளம் அதிகாரி இருந்தார். அப்பொழுது அவருக்கு வயது 20. அவர் பிற்காலத்தில் தம் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். போருக்கு முன்பு கோர்பதோவ் அவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார் என்றும், அதன்படியே நடந்தார் என்றும் அதில் கூறியிருக்கிறார். ஏறத்தாழ 800 பேரில் 600 பேர்வரை, காயம் படாதபோதும் விடுதலை பெற்றார்களாம்!

பிறகு அதே பட்டாலியன் வேறு தளபதிகளின் கீழ்ச் சென்றபோது இந்தத் தாராளம் இல்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். காயம் பட்டவர்களுக்கும், இறந்தவர்களுக்கும்தான் விடுதலை கிடைத்தது.

பட்டாளம் ஒன்றுதான். ஆனால், ஒரு தளபதி அவர்களை ராணுவ வீரர்களாக நினைத்தார். எனவே, வீரர்கள் செய்யும் காரியத்தைச் செய்தார்கள். மற்றவர்கள் அவர்களைச் செலவுக் கணக்கில் எழுதினார்கள். எனவே, அவர்கள் செலவானார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

யுத்தம் முடியும்வரை ரஷியாவின் தண்டனைப் படைகளில் இருந்தவர்கள் 4 லட்சத்து 27 ஆயிரத்து 910 பேர். இது ரஷிய ராணுவத்தின் கணக்கு.

பெரிய தொகைதான். ஆனால், யுத்தம் முழுவதும் சோவியத் ராணுவ உடை அணிந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 3 கோடியே 44 லட்சத்துக்கும் மேல்! அதாவது, நூறு பேரில் தண்டனை பெற்றுப் போனவர் ஒருவர்தான்; அதற்குச் சற்று அதிகம்.

“தண்டனைப் பட்டாளம்தான் ரஷியாவுக்கு வெற்றி தேடித்தந்தது” என்று சிலர் சொல்வது உண்டு. அது சரியல்ல என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது. ஸ்டாலின்கிராடைக் காத்தவர்களும், பெர்லினைப் பிடித்தவர்களும் பெரும்பாலும் சாதாரணச் சிப்பாய்களே.

ஆனால், அந்த ஒருவர் கொடுத்த விலை மிகப் பெரியது. 1944ம் ஆண்டில், தண்டனைப் படைகளில் மாதந்தோறும் சராசரியாக 14 ஆயிரத்து 191 பேர் இறந்தோ, காயம் பட்டோ, நோயுற்றோ விழுந்தார்கள். அதாவது, மாதத்துக்குப் பாதிப் பேர்! மற்றப் படைகளைவிட இது மூன்று முதல் ஆறு மடங்கு அதிகம்.

ராணுவ ரீதியில் பார்த்தாலும் இதில் நஷ்டம் உண்டு. ஓர் அதிகாரியைப் பழக்குவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. பீரங்கி தெரிந்தவர், பாலம் கட்டத் தெரிந்தவர், வரைபடம் பார்த்துப் படை நடத்தத் தெரிந்தவர் என்று எத்தனையோ பேர். அவர்களைச் சாதாரணத் துப்பாக்கிச் சிப்பாய் ஆக்கி, முதல் வரிசையில் நிறுத்துவது, தங்க நாணயத்தைச் செப்புக்காசு விலைக்கு விற்பதுபோல அல்லவா?

நம்பிக்கை இல்லாத பட்டாளம்

கதவு திறந்திருந்தபோது சண்டை போட்டார்கள். கதவே இல்லாவிட்டால்?

அதற்கும் உதாரணம் இருக்கிறது. அதுதான் ஜெர்மனியின் 999ம் எண் படை.

யுத்தத்துக்கு முன்பே ஹிட்லர் அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. ஜெயிலுக்குப் போனவர்கள், கம்யூனிஸ்டுகள், சோஷலிஸ்டுகள் முதலியோர் அதில் இருந்தார்கள். “இவர்கள் ராணுவத்தில் சேரத் தகுதி அற்றவர்கள்” என்று விலக்கி வைத்திருந்தார்கள்.

1942ல் ஆள் பஞ்சம் வந்தது. தகுதி அற்றவர்களுக்குத் திடீரென்று தகுதி வந்துவிட்டது! அந்த ஆண்டு அக்டோபரில் அவர்களைப் பிடித்துப் படையில் சேர்த்தார்கள். ஹாய்பெர்க் என்ற மலைப்பகுதி முகாமில் பயிற்சி. அந்த முகாமோ, 1933ல் ஹிட்லரின் எதிரிகளை அடைத்துவைத்த இடம்! முன்பு கைதியாக அடைபட்ட இடத்துக்கே சிலர் சிப்பாயாக வந்து சேர்ந்தார்கள்.

மொத்தம் சுமார் 28 ஆயிரம் பேர் இந்தப் படையில் இருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினர் அரசியல் கைதிகள். வட ஆப்பிரிக்காவுக்குச் சிலரை அனுப்பினார்கள். பிறகு கிரீஸ் நாட்டுக்கும், அதன் தீவுகளுக்கும் அனுப்பினார்கள்.

என்ன நடந்தது? தருணம் கிடைத்தபோது பலர் எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். கிரீஸ் நாட்டில் மலைகளில் இருந்த கொரில்லாக்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

அவர்களில் ஒருவர் பால்க் ஹார்னாக். அவருடைய அண்ணனை 1942 டிசம்பரில் ஹிட்லர் அரசாங்கம் கொன்றுவிட்டது. அண்ணனைக் கொன்றவர்களுக்காகத் தம்பி சண்டை போடுவாரா? 1943 டிசம்பரில் அவர் தப்பி ஓடி, கிரீஸ் கொரில்லாக்களுடன் சேர்ந்தார். யுத்தத்துக்குப் பிறகு சினிமா டைரக்டராகப் பெயர் பெற்றார்.

பெண்டு பிள்ளைகளைக் கொன்ற படை

தண்டனைப் படைகளிலேயே மிகக் கொடியது ஒன்று உண்டு. அதன் தலைவன், ஆஸ்கார் டிர்லெவாங்கர். அவனே ஒரு கைதி. சிறுமியைக் கெடுத்த குற்றத்துக்காக ஜெயிலில் இருந்தவன்!

1940ல் அவனுக்கு ஒரு சிறு படையைக் கொடுத்தார்கள். காட்டில் திருட்டுத்தனமாக வேட்டையாடிப் பிடிபட்டவர்களைக் கொண்ட படை அது. பிறகு கொலைகாரர்களும், கொள்ளைக்காரர்களும் சேர்ந்தார்கள். பைலோருஷியாவில் கிராமம் கிராமமாக நெருப்பு வைத்தார்கள். மக்களைக் களஞ்சியத்தில் அடைத்துக் கொளுத்தினார்கள்.

1944 ஆகஸ்டில் போலந்தின் தலைநகரான வார்சாவில் மக்கள் ஜெர்மானியரை எதிர்த்துக் கிளர்ந்து எழுந்தார்கள். அதை அடக்க இந்தப் படையும் சென்றது. வோலா என்ற பகுதியில் சில நாட்களில் 40 ஆயிரம் பேருக்குக் குறையாமல் ஜெர்மன் படைகளால் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளிகள் என்று யாரையும் விடவில்லை.

சண்டையில் அந்தப் படை சாதித்தது என்ன? நிராயுதபாணிகளைக் கொன்றது. ஆயுதம் ஏந்தியவர்கள் முன்னால் சென்றபோது செத்து விழுந்தது. சுமார் 850 பேரோடு வார்சாவுக்கு வந்த படை, இரண்டு மாதத்தில் அதைப்போல மூன்று மடங்கு ஆட்களை இழந்தது. புதிது புதிதாக ஆள் அனுப்பி ஈடு கட்டினார்கள்.

பிறகு, ஆள் இல்லாமல் போகவே, முகாம்களில் இருந்த அரசியல் கைதிகளை அதில் சேர்த்தார்கள். 1944 டிசம்பரில் ஹங்கேரிக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்கள் கூட்டம் கூட்டமாக ரஷியர் பக்கம் போய்விட்டார்கள். ஜெர்மன் வரிசையில் பெரிய ஓட்டை விழுந்தது.

டிர்லெவாங்கர் 1945 ஜூனில் பிரெஞ்சுக்காரர் காவலில் இருந்தபோது செத்தான்.

இந்தக் காலத்திலும்…

இது பழங்கதை அல்ல. 2022ல் ரஷியா, உக்ரைன் நாட்டின் மீது படையெடுத்தது. அந்த ஆண்டில் ‘வாக்னர்’ என்ற கூலிப்படையின் தலைவர் பிரிகோஷின், ரஷிய ஜெயில்களுக்குப் போய்க் கைதிகளைச் சேர்த்தார். அவரும் பல ஆண்டுகள் ஜெயிலில் இருந்தவர்தான். “ஆறு மாதம் சண்டை போடுங்கள். பிழைத்தால் மன்னிப்பு. ஓடினால் சுடுவோம்” என்பது ஒப்பந்தம்.

50 ஆயிரம் கைதிகளைச் சேர்த்ததாகவும், அவர்களில் ஐந்தில் ஒருவர் இறந்ததாகவும் 2023 மே மாதத்தில் பிரிகோஷினே கூறினார். அத்தனை உயிருக்கும் கிடைத்த பெரிய பலன், பாக்மூத் என்ற ஓர் ஊர். அதுவும் இடிபாட்டுக் குவியலாகக் கிடைத்தது.

மறுமாதமே பிரிகோஷின் தன் படையை மாஸ்கோவை நோக்கித் திருப்பினார். கலகம் ஒரே நாளில் நின்றது. இரண்டு மாதம் கழித்து விமானம் விழுந்து அவர் இறந்தார். மன்னிப்புப் பெற்று ஊர் திரும்பிய கைதிகளில் சிலர் மறுபடியும் கொலைக் குற்றத்தில் சிக்கினார்கள்.

உக்ரைனுக்கும் ஆள் தேவைப்பட்டது. 2024 மே மாதத்தில் அங்கும் சட்டம் வந்தது. கைதிகள் விரும்பினால் ராணுவத்தில் சேரலாம். ஆனால், கொடிய குற்றம் செய்தவர்களுக்கு அனுமதி இல்லை.

தீர்ப்பு

தண்டனைப் பட்டாளத்தால் பயன் உண்டா? உண்டு. ஆபத்தான ஓர் இடத்தில், சில நாட்களுக்கு, சில நூறு ஆட்கள் கிடைக்கிறார்கள். அந்த அளவுக்குப் பயன் உண்டு.

அதைக் கொண்டு யுத்தத்தையே ஜெயிக்கலாமா? முடியாது. எந்த நாடும் அப்படி ஜெயித்தது இல்லை.

பயத்தால் ஒருவனை அகழியில் இருந்து வெளியே தள்ளலாம். ஆனால், அதன் பிறகு அவன் ஓடுவது எந்தத் திசையில் என்பதைப் பயம் தீர்மானிப்பது இல்லை. 999ம் படை எதிரியிடம் ஓடியது. எட்டாவது பட்டாலியன் எதிரியைத் தேடி ஓடியது. இரண்டு படைக்கும் தண்டனை ஒன்றுதான். ஒன்றுக்கு, திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. போற்றுவதற்கு ஒரு நாடு இருந்தது. வாக்குத் தவறாத ஒரு தளபதி இருந்தார். மற்றதற்கு இவை எதுவுமே இல்லை.

தண்டனைப் படையில் இருந்து உயிரோடு திரும்பிய ரஷியர் பலர், யுத்தம் முடிந்தபிறகும் அதைப் பற்றி வெளியே பேசவில்லை. பேரன் பேத்திகளிடம்கூடச் சொல்லவில்லை. பதவி திரும்பக் கிடைத்தது. பதக்கமும் திரும்பக் கிடைத்தது. பக்கத்தில் நின்று, அந்த மூன்று மாதத்தைக் கடக்க முடியாமல் விழுந்த தோழன்தான் திரும்பக் கிடைக்கவில்லை.